முதுமையின் பாவங்கள்

(பொன்விழாத் தயாரிப்புக்காகக் கூடிய பாடகர் குழுவினருக்குப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாத் திருப்பலிக்கு எந்தெந்தப் பாடல்கள் என்று முடிவு செய்யத்தான் இன்று கூடியிருக்கிறோம். அதற்கு முன்னர் நாம் உங்களிடம் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கிறது. சாமியார் மக்களிடம் செய்வது வழக்கமில்லைதான். இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேறொருவருடைய பாவங்களைச் சொல்லிவிடுகிறோம். அது எளிது.

இத்தாலி நாட்டுப் பெசாரோவில் 1792-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் பிறந்தவர் ரோசினி. பிறந்த நாளே ஒரு குறும்பு! தந்தை கொம்பு ஊதுகிறவர்; தாய் நாடகப் பாடகி. ரோசினி 39 இசை நாடகங்களை இயற்றினார். ஐரோப்பா முழுவதும் கேட்டு மகிழ்ந்தது. 1829-இல், 37-ஆம் வயதில், 'வில்லியம் டெல்' நாடகத்தோடு நிறுத்திக்கொண்டார். காரணம் ஆளுக்கொன்றாகச் சொல்லுகிறார்கள். அப்புறம் நெடுங்கால நோய், மனச்சோர்வு. வியாகுல மாதாவைப் பற்றிய 'ஸ்தாபாத் மாத்தர்' கீதத்துக்கு இடையில் இசை அமைத்தார். மற்றபடி பெரும்பாலும் மௌனமே.

1855-இல் வைத்தியத்துக்காகப் பாரிசுக்கு வந்தார். உடம்பு தேறியது. உள்ளே படுத்திருந்த பழைய குறும்புக்காரனும் கூடவே எழுந்துவிட்டான்! 1858-இலிருந்து சனிக்கிழமை மாலைதோறும் வீட்டில் நண்பர்கள் கூட்டம். உலகப் புகழ்பெற்ற மேதை, தம்மை 'நாலாந்தரப் பியானோக்காரன்' என்று சொல்லிக்கொண்டார். சின்னஞ்சிறு உருப்படிகளை எழுதி, முள்ளங்கி, நெத்திலி, வெண்ணெய் என்றெல்லாம் பெயர் வைத்தார். விளக்கெண்ணெய்க்குக்கூட ஒரு நடன மெட்டு உண்டு. ரயில் புறப்பட்டு, ஓடி, தடம் புரள்வது வரை பியானோவில் வாசிக்க ஓர் உருப்படி. இப்படி நூற்றைம்பதுக்கும் மேல் எழுதி, 'முதுமையின் பாவங்கள்' என்று தொகுப்புக்குப் பெயரிட்டார். உயிரோடிருந்தவரை அச்சிட விடவில்லை.

இதே குறும்புக்காரர்தான் 1863-இல் ஒரு திருப்பலிக்கு இசை அமைத்தார். 'சிறிய ஆடம்பரப் பூசை' என்று பெயர். பாடினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அதுதான் அவருக்குச் சிறியது. பன்னிரண்டு பாடகர், இரண்டு பியானோ, ஓர் ஆர்மோனியம். ஆம், ஆர்மோனியம்! நம் கோயில் பெட்டிக்கு மூத்த அண்ணன். காலால் மிதித்துக் காற்றேற்றுவது. 1864 மார்ச் 14-இல் பாரிசில் ஒரு பிரபுவின் இல்லச் சிற்றாலயத் திறப்பில் அதை முதன்முதல் பாடினார்கள். கையெழுத்துப் படியில் கடவுளுக்கே ஒரு சிறு கடிதம் எழுதியிருக்கிறார். தாம் எழுதியது புனித இசையா, வேறெதுவுமா என்று அவரையே கேட்கிறார். சிரிப்பு நாடகத்துக்கென்றே பிறந்தவன் என்பது உமக்குத் தெரியுமே என்கிறார். கெட்டிக்காரத்தனம் கொஞ்சம், இதயம் கொஞ்சம், அவ்வளவுதான். மோட்சம் தாரும் என்று முடிக்கிறார்.

1903-இல் பத்தாம் பத்திநாதர் கோயிலில் பியானோ கூடாதென்று தடை விதித்தார். 1963 டிசம்பர் 4-இல் வெளியான சங்க ஏடு, வழிபாட்டுக்கு ஏற்றதாயின் பிற வாத்தியங்களையும் அனுமதித்தது. இரண்டையும் குருமடத்தில் வரிவரியாகப் படித்தோம். ரோசினியை யாரும் படிக்கச் சொல்லவில்லை.

இனி நம் பாவம்.

சிறு குருமடத்தில் நமக்குப் 'பீப்பீ பாகவதர்' என்று பெயர். விளையாட்டு நேரத்தில் ஆர்மோனியத்தில் சமையற்காரரின் நடை, மாட்டுவண்டி, ரயில் எல்லாம் வாசித்துக் காட்டுவோம். பையன்கள் உருண்டு சிரிப்பார்கள். ஒருநாள் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று, "இது குருமடமா, கொட்டகையா?" என்றார். அன்று மூடிய பெட்டியை முப்பது ஆண்டுகளுக்குமேல் நாம் திறக்கவில்லை. பாடற்பூசையில் சுருதி சேர்ந்து பாடியதோடு சரி.

சென்ற தவக்காலத்துக்குச் சற்று முன்பு, பயிற்சி முடிந்ததும் நம் குழுப் பையன் ஒருவன் கீபோர்டில் டவுன் பஸ் வருவது போல் வாசித்தான். ஹாரன் தத்ரூபம். நம் வாய் தானாகத் திறந்தது: "இது கோயிலா, கொட்டகையா?"

மூன்று ஞாயிறு அவன் பாட வரவில்லை. அந்தச் சொல்லை எங்கே கேட்டோம் என்பது மூன்றாம் ஞாயிறு இரவுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் அவன் வீட்டுக்குப் போனோம். அவனுடைய அம்மா காப்பி போடப் போய்விட்டார். அவனோ தலையைத் தூக்கவேயில்லை. கீபோர்டைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்து, பழைய ரயிலை வாசித்தோம். விரல்கள் எங்கெங்கோ போயின. ரயில் கிளம்புவதற்குள் நமக்கு வியர்த்துவிட்டது. பையன் கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு, "பாதர், இடது கை லேட்டா வருது" என்றான்.

அவன் திரும்ப வந்துவிட்டான். அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறான். திரும்பிப் பார்க்காதீர்கள், வெட்கப்படுவான்.

திருப்பலி நேரத்தில் பஸ் ஹாரன் கிடையாது, அதில் மாற்றமில்லை. ஆனால் சனிக்கிழமைப் பயிற்சி முடிந்தபின் பங்களாத் திண்ணையில் ஆர்மோனியம் திறந்திருக்கும். பீப்பீ பாகவதரும் இருப்பார். பெரியவர்களும் வரலாம். கலியாண வீட்டில் வாய்ப்பாட்டு பாடிப் பிறகு விட்டுவிட்டவர்கள் இங்கே நாலைந்து பேர் இருப்பது நமக்குத் தெரியும்.

சரி, பாடல் பட்டியலுக்கு வருவோம். வருகைப் பாடலை யார் எடுத்துக் கொடுக்கிறீர்கள்?