அறமும் சப்பானியர் சொல்லும்

(அனுமந்தன்பட்டியில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அறத்தைச் சப்பானியர் எச்சொல்லால் உரைக்கின்றனர் என்று ஓர் இளைஞர் வினவினார். வினா சிறிது, அதில் நமக்குள்ள பாடமோ பெரிது.

அவர்கட்கு இரு சொற்கள் உள. ஒன்று 'தோத்தோக்கு', வழி, நற்பண்பு என்பவற்றின் கூட்டு. மற்றொன்று 'இரின்ரி'; மாந்த உறவு, ஒழுங்கு என்பவற்றின் கூட்டு. இரண்டும் பழஞ்சீன நூற்சொற்கள். மேலை மெய்யியல் சப்பானுள் புகுந்தபோது, இனோவே தெத்சுசிரோ முதலியோர் தொகுத்து 1881இல் வெளியிட்ட மெய்யியற் சொல்லகராதி, அறவியலுக்கு 'இரின்ரிகாக்கு' என்பதை எடுத்தாண்டது. 1934இல் வாத்சுசி தெத்சுரோ, அறம் தனியொருவன் உள்ளத்துள் மட்டும் இல்லை. மாந்தர்க்கு இடைப்பட்ட உறவிலேயே உள்ளது என்று அச்சொல்லைக் கொண்டே விளக்கினார்.

"சப்பானியரே இரவற்சொல் கொண்டனர், நாம் 'தருமம்', 'நீதி' என்றால் என்ன குறை?" என்பார் உளர். கேண்மின்! சீன ஒலியில் 'தோ' என்று படிக்கும் எழுத்தையே அவர்கள் 'மிச்சி' என்று தம் சொல்லாலும் படிப்பர். மிச்சி என்றால் பாதை. எனவே, இரவற்சொல்லுள்ளும் அவர்தம் குழந்தை தான் நடக்கும் பாதையைக் காண்கிறது. நம்முடையதோ ஒலியெழுத்து. அயற்சொல்லின் வேரை அது நம் பிள்ளைக்குக் காட்டாது. தமிழ் வேர் இருந்தாலன்றிச் சொல் அவனுக்கு வெற்றொலியே.

'ஒழுக்கம்' என்று சொல்லிப் பாருங்கள். அதன் வேர் 'ஒழுகு'. 1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியே இப்பள்ளத்தாக்கிற்கு வருகின்றது. மேல்மடைக்காரர் தம் வயல் நிறைந்தபின் வாய்க்காலை மறிக்காமல் கீழ்மடைக்கு விட்டால், நீரும் ஒழுகுகிறது, அவரும் ஒழுகுகிறார். வாத்சுசி நூலெழுதி விளக்கிய உறவறம், நம் உழவர் நாவிலுள்ள ஒரு சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது!

வள்ளுவர் 38 அதிகாரங்களை அறத்துப்பாலாக்கி, அதனுள் ஒழுக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். தகாகாசி தகனோபு என்னும் சப்பானியப் பேராசிரியர் தமிழ் பயின்று, குறளைத் தம் மொழியில் பெயர்த்து 1999இல் வெளியிட்டார். கடல்கடந்தோர் தேடிவந்து கற்கும் அறச்சொற்களை, உடையவர் நாம் கைவிடலாமோ?

ஆகவே, பள்ளிகளில் 'நீதிபோதனை' என்று எழுதிவந்த இடத்தில் 'அறவகுப்பு' என்று எழுதுவோம். ஆனால், பெயர்ப்பலகையை மாற்றினால் மட்டும் போதாது, தோழர்களே! நாவில் தூய தமிழும் கையில் அடைத்த மடையும் இருந்தால், கீழ்வயற்காரர் நம் தமிழை எங்ஙனம் நம்புவார்? சொல்லையும் மீட்போம், அச்சொற்படி ஒழுகியும் காட்டுவோம்.

வெல்க தமிழ்!