பழைய சீலையும் எங்க கூலியும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், தையல் தொழில் செய்யும் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. மாதக் கூட்டத்துல தீர்மானம் வாசிச்சிருக்கேன், அவ்வளவுதான். "பழைய துணியில என்னென்ன தைக்கலாம்னு பத்து நிமிஷம் சொல்லுங்க" என்று தலைவி அக்கா கேட்டாங்க. என்னென்ன தைக்கலாம் என்பதை நீங்க பின்னாடி மேசையிலயே பார்த்துக்கலாம். பை, பர்ஸ், தலகாணி உறை, மிதியடி, அடுப்படிப் பிடிதுணி, ஜீன்ஸ் பேன்ட்ல தைச்ச தோள்பை எல்லாம் பரப்பி வெச்சிருக்கோம். நான் சொல்ல வந்ததுல அது பாதி. மீதிப் பாதி கணக்கு.

பழைய துணியை வீணாக்காம இருக்க நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியது இல்லீங்க. எங்க மாமியார் ஒரு நூல் சீலை வாங்கினா, முதல்ல அது விசேஷத்துக்கு. நிறம் மங்கினதும் வீட்டுக்கு. அப்புறம் காட்டு வேலைக்கு. என் பையன் பிறந்தப்போ அதுதான் தூளி. பையன் இறங்கி நடந்ததும் ரெண்டு சீலையை மேல மேல போட்டுத் தைச்சுப் போர்வை. போர்வை நைஞ்சதும் பிடிதுணி. கடைசியில திரிச்சு விளக்குத் திரி. எரிஞ்சுதான் அந்தச் சீலை தீர்ந்தது. இதுக்கு இப்ப மறுசுழற்சின்னு பேர் சொல்றாங்க. அன்னைக்கு அதுக்குப் பேரே கிடையாது.

ஒரு சீலைக்கு மட்டும் நாம ஏமாந்து போவோம். பழைய துணிக்குப் பாத்திரம் போடுறவர் வந்தா, பட்டுச் சீலையைக் கொடுத்துட்டு ஒரு எவர்சில்வர் பேசின் வாங்கி வெச்சுக்குவோம். பழைய பட்டுல இருக்கிறது நிஜச் சரிகையா இருந்தா அதுல வெள்ளி இருக்கு. அந்த வெள்ளிக்காகத்தான் தெருத்தெருவா வந்து கேட்கிறாங்க. நாலு இடத்துல விலை விசாரிக்காம பட்டுல கத்தரி வெக்காதீங்க, பேசினுக்கும் கொடுக்காதீங்க.

சரி, எங்க குழு கதைக்கு வர்றேன். எங்க 12 பேர்ல 5 பேருக்குத் தையல் தெரியும். பனியன் கம்பெனியில வேலை பார்த்த கைகள். 2019 ஜனவரி 1-ஆம் தேதி முதல் பிளாஸ்டிக் கேரி பை கூடாதுன்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்ததும், துணிப்பை தைச்சா நல்லா ஓடும்னு நினைச்சோம். 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தப்போ இன்னும் நம்பிக்கை வந்தது. அப்புறம் பார்த்தா, கோயம்பேடு மார்க்கெட்டுல 10 ரூபாய் போட்டா மஞ்சப்பை தர்ற மெஷினே வெச்சுட்டாங்க. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. ஆனா அந்த 10 ரூபாய்ப் பையோட நாம போட்டி போட முடியாதுன்னு அன்னைக்கே எங்களுக்குப் புரிஞ்சிருக்கணும். புரியல.

ஒரு கல்யாண வீட்டுல 300 தாம்பூலப் பை கேட்டாங்க. "பழைய சீலையில கலர் கலரா இருந்தா அழகா இருக்கும், பை 20 ரூபாய்னு போட்டுக்குங்க" என்றாங்க. துணி சும்மா கிடைக்குது, 20 ரூபாய் லாபம்தானேன்னு நான்தான் தலையை ஆட்டினேன். வீடு வீடாப் போய்ச் சீலை சேர்த்தோம். துவைச்சோம், காய வெச்சோம், ஃபால்ஸ் பிரிச்சோம், இஸ்திரி போட்டோம், கிழிஞ்ச இடம் பார்த்து ஒதுக்கி வெட்டினோம். தையல் மெஷின்ல உட்காரவே நாலு நாள் ஆயிருச்சு. 5 பேர், 12 நாள், தினம் 5 மணி நேரம்.

கணக்கைப் பாருங்க. 300 பைக்கு 6,000 ரூபாய் வரணும். உள்துணி, நூல், கைப்பிடிப் பட்டிக்கு 1,850. ஆட்டோவுக்கு 400. மீதி 3,750. நாங்க உழைச்சது மொத்தம் 300 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 12 ரூபாய் 50 காசு. ஒரு நாளுக்கு 62 ரூபாய் 50 காசு.

அதுவும் முழுசா வரல. பையில தேங்காய் போட்டதும் 40 பைக்கு மேல கைப்பிடி பிய்ஞ்சிருச்சு. பந்தியில இருந்து வெளியே வர்றவங்க கையில பட்டி மட்டும், தேங்காய் கீழே உருளுது. கல்யாண வீட்டுக்காரங்க பணத்துல 1,000 ரூபாய் பிடிச்சுக்கிட்டாங்க. தப்பு எங்க மேலதான். நைஞ்ச துணியில ஒத்தைத் தையல் போட்டுக் கைப்பிடி வெச்சது நான்.

எங்க குழுவுல ஒரு அக்கா இருந்தாங்க, எங்க எல்லாரையும் விடச் சுத்தமான தையல். வீட்டுக்காரர் இல்லை, ரெண்டு பொண்ணுங்க. அந்தப் பணத்தை நம்பிப் பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட நாள் சொல்லி வெச்சிருந்தாங்க. நான் பங்கு பிரிச்சு 550 ரூபாயை நீட்டினேன். எண்ணிப் பார்த்துட்டு, "ஏங்கண்ணு, இதுக்கு நான் கம்பெனியில பிசிறு வெட்டப் போனாலே சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்துருமே" என்றாங்க. அடுத்த வாரம் போயிட்டாங்க. சந்தாவும் சேமிப்பும் தவறாம கட்டுறாங்க, தையலுக்கு மட்டும் வர்றதில்லை. இப்பவும் இந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன், சொன்னா எழுந்து போயிருவாங்க.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் மெஷினைத் தொடல. பிறகு மெதுவா, துணியையே ஒழுங்காப் படிக்க ஆரம்பிச்சோம். அதுல தெரிஞ்சதைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

சீலையில முதல்ல நையிறது காலடியில தரையில உரசுற கரைப்பக்கமும், உட்கார்ந்து எழுந்திருக்கிற இடமும். நல்லா இருக்கிறது முந்தானையும், இடுப்புல முதல்ல செருகுற உள்முனையும். அந்த உள்முனையில வெயிலே படறதில்லை, வாங்கின அன்னைக்கு இருந்த நிறம் அப்படியே இருக்கும். துணியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. ரெண்டு கட்டைவிரலையும் பக்கத்துல வெச்சு இழுங்க. இழை விலகிச்சுன்னா அது பைக்கு ஆகாது, தலகாணிக்குள்ள அடைக்க வெச்சுக்கலாம். சாயம் போகுதான்னு பார்க்க, ஈர வெள்ளைத் துணியால நல்லாத் தேய்ச்சுப் பாருங்க. உப்புத் தண்ணியில ஊற வெச்சா சாயம் நிக்கும்னு சொல்லுவாங்க, எனக்கு ஒரு தடவையும் நின்னதில்லை.

பிடிதுணி தைக்கிறவங்க இதைக் கவனமாக் கேளுங்க. நூல் துணிதான் வேணும். பார்க்க நூல் மாதிரியே இருந்த ஒரு பாலியஸ்டர் சீலையில தைச்சு, சுடுசட்டியைப் பிடிச்சு, துணி உருகி விரல்ல ஒட்டிக்கிச்சு. தழும்பு இன்னும் இருக்கு. ஓரத்துல ரெண்டு இழை உருவித் தீக்குச்சியில காட்டுங்க. நூல்னா காகிதம் எரியுற வாசம் வந்து சாம்பலாப் போகும். பாலியஸ்டர்னா சுருங்கிக் கறுப்பா மணி மாதிரி கட்டியாகும். எந்த மூட்டை வந்தாலும் இப்ப இந்தச் சோதனை பண்ணாம நாங்க பிடிதுணிக்கு எடுக்கறதில்லை.

கைப்பிடியை இப்ப பை வாயில மட்டும் தைக்கிறதில்லை. பட்டியைப் பையோட அடி வரைக்கும் இறக்கி, ரெண்டு பக்கமும் ஓட்டுறோம். வாய்ப்பக்கம் ஒரு சதுரம் போட்டு, அதுக்குள்ள பெருக்கல் குறி மாதிரி குறுக்கே ரெண்டு தையல். அஞ்சு கிலோ அரிசியைப் போட்டு ஒரு ராத்திரி ஆணியில தொங்கவிட்டுப் பார்த்துட்டுத்தான் புது மாதிரி எதையும் வெளியே கொடுக்கிறோம்.

ஜீன்ஸுக்கு 16-ஆம் நம்பர் ஊசி, ரொம்பத் தடியா இருந்தா 18. தையல் மேல தையல் வர்ற இடத்தைச் சுத்தியலால தட்டித் தட்டையாக்கிட்டு ஓட்டுங்க, ஊசி ஒடியாது. பின் பாக்கெட்டைப் பிரிக்காதீங்க, பையில அப்படியே செல்போன் வெக்கிற இடமாயிரும்.

மிதியடிக்கு நம்ம பக்கம் பனியன் வேஸ்ட் கிலோ கணக்குல கிடைக்குது. பனியன் துணியை ரெண்டு விரல் அகலத்துக்கு நாடாவா வெட்டி இழுத்தா, ஓரம் தானே உள்ளே சுருண்டுக்கும், மடிச்சுத் தைக்க வேண்டாம். மூணு புரி பின்னி, சுருட்டிச் சுருட்டித் தைக்கணும். ரொம்ப இறுக்கினா கிண்ணம் மாதிரி குழியும், ரொம்பத் தளர்த்தினா அப்பளம் மாதிரி அலை அலையா நிக்கும். முதல் பத்து மிதியடி எங்களுக்குக் கிண்ணம்தான்.

ஒரு பயிற்சியில மத்த மாநிலத்துப் பெண்கள் செய்யறதைப் படம் போட்டுக் காட்டினாங்க. வங்காளத்துல பழைய சீலைகளை அடுக்கி, ஓட்டுத் தையலாலேயே காந்தான்னு போர்வை தைக்கிறாங்க. அந்தக் காலத்துல சீலைக் கரையில இருந்து உருவின நூலாலேயே தைச்சிருக்காங்க. கர்நாடகத்துல வடகன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கிறது கவந்தி. ஓரத்துல ஆரம்பிச்சு, ஒட்டுத்துணி வெச்சு வெச்சு, சுத்திச் சுத்தி நடுவுக்கு வர்றாங்க. நாலு மூலையிலயும் முக்கோணமா மடிச்ச துணி வெச்சு அதைப் பூ என்று சொல்றாங்க. பூ இல்லாம கவந்தி முடியாது. மெஷின் கிடையாது, எல்லாம் கை. அதைப் பார்த்தப்போ எங்க மாமியார் போர்வை ஞாபகம் வந்தது. எங்ககிட்டயும் அந்தக் கை இருந்தது, நாங்கதான் அதைத் தொழிலா நினைக்கல.

அந்தப் போர்வைதான் எங்களைத் தூக்கிவிட்டது. ஒரு டீச்சரம்மா ஆறு சுங்குடிச் சீலை கொண்டு வந்தாங்க. இறந்து போன அவங்க அம்மா கட்டினது. பிறந்தவங்க நாலு பேர், நாலு பேருக்கும் எல்லாச் சீலையும் கலந்து ஒரு போர்வை வேணும்னாங்க. ஒரு சீலையில மஞ்சக் கறை இருந்தது. கழிச்சிரட்டுமான்னு கேட்டேன். "அது எங்கம்மா அரைச்ச மஞ்சள், அது கண்டிப்பா வரணும்" என்றாங்க. அந்தக் கறையையே நாலாப் பிரிச்சு, நாலு போர்வைக்கும் நடுவுல வெச்சோம். போர்வைக்கு 1,800 ரூபாய் சொன்னேன், சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்குச்சு. பேரமே பேசல. வாங்கி முகத்துல வெச்சுப் பார்த்துட்டு, கொஞ்ச நேரம் எங்க திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாங்க.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து விலைப் பட்டியல் போட்டோம். துணி சும்மா வந்தாலும், துவைக்கிறதுல இருந்து நூல் வெட்டுறது வரைக்கும் எல்லா நேரத்தையும் நோட்டுல எழுதுறது. மணிக்கு 50 ரூபாய் கூலி. அதே தாம்பூலப் பை இப்ப மொத்தமா வெட்டி, ஆளுக்கு ஒரு வேலையாப் பிரிச்சுக்கிறதால அரை மணியில முடியுது. கூலி 25, சாமானும் வண்டியும் 8, ஊசி ரிப்பேருக்கு 2. விலை 35 ரூபாய்.

35-ஆ என்று திரும்பிப் போறவங்க இருக்காங்க. போகட்டும். ஆனா போறவங்க எங்கே போறாங்க தெரியுமா? பக்கத்து ஊர்ல நம்ம கூட்டமைப்புக் குழுகிட்டயே போய், "அவங்க 35 சொல்றாங்க, நீங்க 20-க்குக் கொடுங்க" என்று கேட்கிறாங்க. அவங்களும் கொடுத்துடறாங்க. நான் கோபமாச் சொல்லல. நானும் அதைத்தான் செஞ்சேன், முதல் தடவை. துணி சும்மா வந்ததால கையும் சும்மான்னு நினைச்சுட்டேன்.

அதனால கூட்டமைப்புகிட்ட ரெண்டு கேட்கிறேன். ஒண்ணு, நம்ம குழு எதுவும் மணிக்கு 50 ரூபாய் கூலி நிக்காத விலைக்குத் தையல் ஆர்டர் எடுக்கக் கூடாது. தொகை கூடக் குறைய இருக்கணும்னா பேசலாம், ஆனா எல்லாருக்கும் ஒரே தொகையா இருக்கணும். இன்னொண்ணு, ஆர்டர் கொடுத்தவங்க பணம் தர்ற வரைக்கும் தைச்சவங்க காத்திருக்கக் கூடாது. சுழல் நிதியில இருந்து சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்துட்டு, பணம் வந்ததும் நிதியில திரும்பக் கட்டிரலாம். பொருளாளர் அக்கா நிதி முடங்கிப் போகும்னு பயப்படறாங்க. அந்தப் பயம் நியாயம்தான். 10,000 ரூபாய்க்கு மேல எந்த ஆர்டருக்கும் முன்பணம் பாதி வாங்காம கூலி எடுக்கக் கூடாதுன்னு சேர்த்து எழுதிக்கலாம். சனிக்கிழமை கைக்குக் காசு வருதுன்னா, அந்த அக்காவை நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவேன். இல்லைன்னா எந்த முகத்தோட கூப்பிடறது?

தீர்மான நோட்டுல 7-ஆவதா எழுதியிருக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் எடுப்பாங்க. அதுக்கு முன்னாடி பின் மேசைக்கு வந்து பையோட கைப்பிடியை எவ்வளவு வேணும்னாலும் இழுத்துப் பாருங்க. வீட்டுல பழைய ஜீன்ஸ் இருந்தா, ஜிப்பைக் கழட்டாம அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க.