வயிற்றில் கை வைக்கும் முன்



சர்ஜரி பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பெய்லி அண்ட் லவ் முழுவதையும் பத்து நிமிடத்தில் கரைத்துக் கொடுக்க என்னால் ஆகாது. ஆகவே ஒரே ஒரு வலி: குடல்வால் அழற்சி, நம்ம பாஷையில் அப்பெண்டிசைட்டிஸ்.

"நேத்து ராத்திரி தொப்புளைச் சுத்தி வலிச்சுது டாக்டர். அப்புறம் வாந்தி. காலையில வலது பக்கம் கீழே இறங்கிடுச்சு." நோயாளி இப்படிச் சொன்னால் பாதி டயக்னாசிஸ் முடிந்தது. குடல்வால் அடைபட்டு வீங்கும்போது அதன் நரம்புகள் தண்டுவடத்தில் பத்தாவது மார்பு மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. தொப்புளைச் சுற்றிய தோலுக்கும் அதே மட்டம்தான். அதனால் மூளை தொப்புளைக் காட்டுகிறது. அழற்சி வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகே உண்மையான இடம் தெரியும். 1889-ல் மக்பர்னி சொன்ன புள்ளி அது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்குக் கோடு போட்டால், வெளியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம். வாந்தி முதலில் வந்து வலி பிறகு வந்ததென்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

தொடுவதற்கு முன் இருமச் சொல்லுங்கள். இருமியதும் கை தானாக வலது பக்கம் போனால், அழுத்திச் சட்டென்று விட்டு அவரை அலற வைக்கத் தேவையில்லை. கையைச் சூடாக்கிக்கொண்டு, வலிக்காத இடது பக்கத்தில் ஆரம்பியுங்கள். கண் நோயாளியின் முகத்தில் இருக்கட்டும். ஹெர்னியா வரும் இடங்களைப் பார்க்காமல் துணியை மூடாதீர்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். "கல்யாணம் ஆகலை சார்" என்று அம்மா பக்கத்தில் நின்று சொன்னாலும் செய்யுங்கள். கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்தால் உயிர் போகும்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. சீஃப் வந்து பார்க்கும்வரை வலி ஊசி போடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1921-ல் வெளிவந்த சக்கரி கோப்பின் புத்தகமும் அப்படித்தான் எச்சரித்தது. பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், மார்பின் கொடுத்ததால் நோயறிவதில் தவறு கூடவில்லை. ஆனாலும் பழக்கத்தை விடாதவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஹவுஸ் சர்ஜன் என்ன செய்வது? நன்றாகப் பரிசோதித்து, கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதி, டியூட்டி அசிஸ்டென்டைக் கேட்டு ஊசி போடுங்கள். வலி தணிந்தவர் வயிற்றைத் தளர்த்திப் படுப்பார். காலையில் சீஃபுக்கும் பார்க்க வசதி.

"இப்ப ஆபரேஷனே வேண்டாமாமே?" என்று டீ நேரத்தில் ஒரு மாணவி கேட்டார். 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆன்டிபயாடிக் மட்டும் எடுத்தவர்களில் பத்தில் மூன்று பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் ஆகிவிட்டது. குடல்வாலுக்குள் கல் இருந்தவர்களில் பத்தில் நான்கு பேர். இந்தக் கணக்கை நோயாளியிடம் அப்படியே சொல்லுங்கள். திரும்ப வலி வந்தால் ராத்திரியில் ஆஸ்பத்திரி வர வண்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.