டிஸ்கனெக்ட் பண்ணா லாக்அவுட் ஆயிடுமா?

இந்த எபிசோட் நெட்வொர்க் வேலையில புதுசா சேர்ந்தவங்களுக்காக. மத்தவங்களும் கேக்கலாம், ஒரு ராத்திரி ரெண்டரை மணிக்கு நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதை இதுல இருக்கு.

முதல்ல கன்சோல் சர்வர்னா என்னன்னு சொல்லிடறேன். ஒரு ரௌட்டரையோ ஸ்விட்சையோ நாம வழக்கமா நெட்வொர்க் வழியாத்தான் தொடுவோம். அந்த நெட்வொர்க்கே படுத்துட்டா? அதுக்குத்தான் இந்தப் பெட்டிகள்ல கன்சோல்னு ஒரு சீரியல் போர்ட் இருக்கு. 1960-ல வந்த ஆர்எஸ்-232 முறை. இன்னிக்கும் பல பெட்டியில நொடிக்கு 9600 பிட் வேகம்தான். ஐபி அட்ரஸ் வேணாம், ஒண்ணும் வேணாம், கேபிளைச் செருகினா பேசும். ஆனா செருக ஒரு ஆள் அங்க போகணுமே! அந்த நடையை மிச்சப்படுத்தறதுதான் கன்சோல் சர்வர். ஒரு பக்கம் 16, 32, 48னு சீரியல் போர்ட், இன்னொரு பக்கம் நெட்வொர்க். வீட்டுல இருந்தே எஸ்எஸ்ஹெச் போட்டு எந்தப் பெட்டியோட கன்சோலுக்கும் போயிடலாம்.

2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் ஆறு மணி நேரம் போல காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா? பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கமாண்ட் அவங்க பேக்போனையே துண்டிச்சிடுச்சு. ஆபத்துக்குன்னு தனியா வெச்சிருந்த அவுட்-ஆஃப்-பேண்ட் வழியும் கிடைக்கல. கடைசியில இன்ஜினியர்களை டேட்டா சென்டருக்கு நேர்ல அனுப்பினாங்க. பின்வாசல் இல்லாமப் போனா என்ன ஆகும்ங்கறதுக்கு அதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியல.

ஆனா இன்னிக்கு நான் பேச வந்தது, பின்வாசலைத் திறந்து போட்டுட்டு வர்றதைப் பத்தி.

அப்போ நான் ஒரு கம்பெனியில நைட் ஷிஃப்ட். ஒரு கிளை ரௌட்டர் தொங்கிப் போச்சு, கன்சோல்ல போய் ரீலோட் பண்ணணும். அது போர்ட் 17-ல இருக்கு. நான் தூக்கக் கலக்கத்துல 7-ஐ அடிச்சிட்டேன். 7-ல இருந்தது கோர் ஸ்விட்ச். என்டர் தட்டினேன். பாஸ்வேர்டு கேக்கவே இல்ல, நேரா ஹேஷ் குறியோட ப்ராம்ப்ட் வந்துடுச்சு. அதாவது, முழு அதிகாரத்தோட உள்ள இருக்கேன். நல்லதாப் போச்சுன்னு ரீலோட் அடிச்சேன். கன்ஃபர்ம் கேட்டுது, என்டர். ப்ராம்ப்ட்லயே பெட்டியோட பேர் இருந்தது, நான்தான் படிக்கல. பத்து விநாடியில ரூம்ல இருந்த எல்லா ஃபோனும் அடிக்க ஆரம்பிச்சுது.

ஏன் பாஸ்வேர்டு கேக்கல? முந்தின ஷிஃப்ட்ல இருந்த அண்ணன் அந்த ஸ்விட்ச்ல வேலையை முடிச்சிட்டு, எஸ்எஸ்ஹெச் விண்டோவை மட்டும் மூடிட்டுப் போயிருந்தார். இங்கதான் பலபேர் ஏமாறுவோம். சாதாரண எஸ்எஸ்ஹெச்ல விண்டோவை மூடினா அந்தப் பக்க செஷனும் செத்துடும். கன்சோல்ல அப்படி இல்ல. நாம துண்டிக்கறது நமக்கும் கன்சோல் சர்வருக்கும் நடுவுல உள்ள தொடர்பை. சீரியல் கேபிள் செருகினபடியே இருக்கு. ஆள் போயிட்டார்னு சொல்ல ஒரு சிக்னல் கம்பி உண்டுதான், ஆனா பல கேபிள்ல அதை இணைச்சிருக்க மாட்டாங்க, இணைச்சாலும் பல பெட்டி கண்டுக்காது. ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல மெயிலைத் திறந்து வெச்சிட்டு மானிட்டரை மட்டும் அணைச்சிட்டுப் போற மாதிரி. அடுத்து யார் வந்து ஆன் பண்ணாலும் உங்க மெயில்தான்.

அதனால வெளிய வர ரெண்டு படி உண்டு. முதல்ல பெட்டியில லாக்அவுட், லாகின் ப்ராம்ப்ட் திரும்ப வர்றதைக் கண்ணால பாக்கணும். அப்புறம்தான் எஸ்கேப் கீ. அதுலயும் ஒரு குழப்பம் இருக்கு. டெல்நெட்னா கன்ட்ரோலோட வலது சதுர அடைப்புக்குறி. எஸ்எஸ்ஹெச்னா என்டர் தட்டிட்டு டில்டே, புள்ளி. லேப்டாப்ல இருந்து ஒரு ஜம்ப் சர்வர், அங்கிருந்து கன்சோல் சர்வர்னு ரெண்டு எஸ்எஸ்ஹெச் அடுக்கியிருந்தா, ஒரு டில்டே வெளி அடுக்கையே அறுத்துடும். உள்ள இருக்கறதை மட்டும் மூடணும்னா ரெண்டு டில்டே, ஒரு புள்ளி.

சும்மா ஒரு கிளைக்கதை. பழைய சன் சர்வர்கள்ல கன்சோல் கேபிள்ல பிரேக் சிக்னல் வந்தா மெஷின் அப்படியே நின்னு ஓகே ப்ராம்ப்டுக்குப் போயிடும். சில கன்சோல் சர்வர்களை அணைச்சுப் போட்டாலே எல்லா போர்ட்லயும் பிரேக் போகும். ஒரே ஸ்விட்சைத் தட்டி ரேக் முழுக்க நிறுத்தினவங்க இருக்காங்க. நான் பரவாயில்லன்னு அப்பப்போ நினைச்சுக்குவேன்.

சரி, கதைக்கு வருவோம். எங்க கன்சோல் சர்வர் எல்லா போர்ட்டோட அவுட்புட்டையும் லாக் எடுக்கும், யாரும் உள்ள இல்லாதப்பவும். காலையில ரிப்போர்ட் எழுத உக்காந்து அதைப் படிச்சேன். 9:40-க்கு அண்ணனோட கடைசி கமாண்ட். அப்புறம் வெறுமை. 2:34-க்கு என்னோட ரீலோட். காரணம்ங்கற கட்டத்துல அவர் பேரை எழுதிட்டேன்.

எழுதினப்புறம்தான் ஒண்ணு உறுத்துச்சு. சிஸ்கோ கன்சோல்ல பத்து நிமிஷம் சும்மா இருந்தா அதுவே லாக்அவுட் பண்ணிடும், அதுதான் அதோட இயல்பான செட்டிங். இங்க கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆகியும் பண்ணல. கான்ஃபிக்கைப் பாத்தா, டைம்அவுட் பூஜ்யம். அதாவது எப்பவுமே வெளிய தள்ளாத. யார் வெச்சதுன்னு மாற்றப் பதிவைத் தேடினேன். மூணு வாரம் முன்னாடி, ஒரு அப்கிரேட் அன்னிக்கு, நடுநடுவுல வெளிய தள்ளுதேன்னு எரிச்சல்ல மாத்தியிருக்காங்க. யூசர் நேம் என்னோடது.

அண்ணன் பேரை அழிச்சிட்டு என் பேரை எழுதினேன். டைம்அவுட்டைப் பழையபடி பத்து நிமிஷம் ஆக்கினேன். அப்புறம் மத்த 31 போர்ட்லயும் ஒவ்வொண்ணா நுழைஞ்சு என்டர் தட்டிப் பாத்தேன். இன்னும் நாலு இடத்துல ஹேஷ் வந்துது.