விளக்கு அணைந்தால் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



மாணவர்களுக்குக் கையோடு பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய தலைப்பு வேண்டாம் என்று, நம் வட்டாரத்தில் அடிக்கடி என் காதில் விழுகிற ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டேன். “அண்ணே, வண்டிக்குப் புது ஏர் இன்டேக் போட்டேன். அன்னையிலேர்ந்து டாஷ்போர்டுல இன்ஜின் லைட்டு எரியுது. அதை எப்படி அணைக்கிறது?”

கேள்வி சின்னதுதான். ஆனால் கவனியுங்கள், லைட் ஏன் எரியுது என்று யாரும் கேட்பதில்லை. அதை அணைக்கும் வழியைத்தான் கேட்கிறார்கள்.

நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி வண்டித் தொழிலோடு வளர்ந்த பகுதி. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-இல். பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் தயாரானது 1998-இல். அந்த நாளில் கார்புரேட்டர் வண்டிக்கு மெக்கானிக்கின் காதுதான் கருவி. சத்தத்தைக் கேட்டு ஸ்க்ரூவைத் திருப்பி, காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலந்துவிடுவார். இன்று அந்த வேலையை இ.சி.யூ. என்னும் சின்னக் கம்ப்யூட்டர் செய்கிறது. 2013 ஏப்ரல் முதல் பி.எஸ். 4 கார்களுக்கு ஓ.பி.டி.–2 என்ற பழுதறியும் அமைப்பு கட்டாயமானது. இன்ஜின் லைட் எரிவது அந்த அமைப்பு எழுதும் புகார் மனு.

சரி, ஏர் இன்டேக் மாற்றினால் ஏன் எரிகிறது? ஒரு பங்கு பெட்ரோல் எரிய, எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எவ்வளவு காற்று போகிறது என்பதைப் பல வண்டிகளில் மாஃப் என்கிற காற்றோட்ட சென்சார் அளக்கிறது. கம்பெனி போட்ட குழாயின் விட்டத்தை வைத்துத்தான் அதன் கணக்கு. புதுக் குழாய் அகலமாக இருந்தால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துச் சொல்லும், இ.சி.யூ. பெட்ரோலைக் குறைக்கும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், “பெட்ரோல் போதவில்லை” என்று சொல்ல, இ.சி.யூ. மறுபடி கூட்டிக் கூட்டிப் பார்க்கும். எல்லை மீறினால் லைட் எரியும். அப்போது வரும் கோடு பி0171. சென்சார் பிளக்கைச் சரியாகச் சொருகாவிட்டால் பி0102. காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரை மாட்டாமல் தொங்கவிட்டால் பி0113. எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போட்டு, அதில் எண்ணெய் அதிகமானால், அது சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

திருமுல்லைவாயலில் இருக்கும் தம்பி ஒருவரின் வண்டியில் இதையே பார்த்தேன். ஒரு கடையில் கூம்பு வடிவ ஃபில்டர் மாட்டினார். இரண்டு நாளில் லைட் வந்தது. கடையில் ஸ்கேனரை வைத்து அணைத்தார்கள். மறுபடி வந்தது. மறுபடி அணைத்தார்கள். மூன்று முறை காசும் வாங்கியாயிற்று! கோடு எண் என்ன என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. நாங்கள் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தால் பி0171. ஐடிலில் இ.சி.யூ. 20 சதவீதத்துக்கு மேல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தி 2500 சுற்றுக்குக் கொண்டுபோனால் அது குறைந்தது. ஐடிலில் அதிகம், வேகத்தில் குறைவு என்றால் எங்கோ கள்ளக்காற்று நுழைகிறது என்று அர்த்தம். தேடினால், சென்சாருக்குப் பின்னால் ஒரு ஹோஸ் கிளிப் இறுகவில்லை. ஸ்க்ரூடிரைவர் வேலை, ஐந்து நிமிடம். அதன்பிறகு அணைத்த லைட் மறுபடி வரவில்லை.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஸ்டியரிங் அடியில் இருக்கும் 16 முனை பிளக்கில் ஸ்கேனரைச் சொருகிக் கோடை எழுதி வையுங்கள். பழுது வந்த நேரத்தில் வேகம், சூடு, சுற்று என்ன இருந்தது என்ற பதிவும் அதில் இருக்கும், அதையும் எழுதுங்கள். அழித்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். இரண்டாவது, பிளக்குகள், கிளிப்புகள், சிறு ஹோஸ்கள் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். சென்சார் அழுக்கென்றால் அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்துங்கள். துணியும் விரலும் படக்கூடாது. மூன்றாவது, சந்தேகம் தீரவில்லையென்றால் பழைய ஃபில்டர் பெட்டியையே திரும்ப மாட்டி ஓட்டிப் பாருங்கள். லைட் வராவிட்டால் குற்றவாளி புதுக் குழாய்தான். கடைசியாகத்தான் அழிப்பது. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், ஸ்கேனரில் அழியுங்கள்.

“பேட்டரி ஒயரைக் கழட்டினா போதுமே” என்பார்கள். பல புது வண்டிகளில் கோடு அதற்கு அழியாது. கடிகாரமும் ஐடில் அளவும்தான் மறந்துபோகும். பழுதை நிஜமாகவே சரிசெய்துவிட்டால், பொதுவாக, பழுதில்லாத மூன்று முழு ஓட்டங்களுக்குப் பின் லைட் தானாகவே அணையும். அழித்த பிறகு வண்டியின் சுயசோதனைகள் முதலிலிருந்து தொடங்கும். சி.டி.எச். ரோட்டில் சிக்னல் சிக்னலாக நின்றால் மட்டும் அவை முடியாது. காலையில் குளிர்ந்த இன்ஜினோடு கிளம்பி, நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறி நசரத்பேட்டை வரை சீரான வேகத்தில் போய் வாருங்கள்.

ஒன்றைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் லைட் நிலையாக எரிந்தால் பார்த்துச் செய்யலாம். மின்னி மின்னி எரிந்தால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; அது புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும். வண்டியை ஓரம் கட்டுங்கள். சிவப்பு ஆயில் லைட் வந்தால் அங்கேயே இன்ஜினை நிறுத்துங்கள்.

இன்டேக் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பானட்டுக்குள் திறந்திருக்கும் ஃபில்டர் சூடான காற்றைத்தான் இழுக்கும். சத்தம் கூடும் அளவுக்கு பிக்கப் கூடாது. குழாயைக் கீழே பம்பர் பக்கம் இறக்கினால் குளிர்ந்த காற்று கிடைக்கும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அன்று நம் தெருக்கள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். இன்ஜின் தண்ணீரை உறிஞ்சினால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். சட்டமும் இருக்கிறது. கம்பெனி குறிப்பிட்டதை மீறி வண்டியை மாற்றுவது பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்கிறது.

லைட்டை அணைத்துவிட்டு வண்டியை விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குகிறவர் சேமித்த பணத்தைப் போட்டுக் குழந்தைகளோடு அந்த வண்டியில் ஏறுகிறார். பழைய வண்டி வாங்கப் போனால், சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று ஸ்கேனரில் பாருங்கள். முடியாமல் இருந்தால், அண்மையில் கோடை அழித்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள். ஏன் என்று விற்பவரைக் கேளுங்கள்.

நாளைக்கு நீங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் முன்னால் நிற்பீர்கள். அலாரம் அடிக்கும். “ரீசெட் பண்ணிட்டு ஓட்டுப்பா, உற்பத்தி நிக்குது” என்று மேலே இருப்பவர் சொல்வார். ரீசெட் பண்ணத்தான் வேண்டும். அலாரம் எண்ணை எழுதி, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு. அந்த மெஷினில் கை வைத்து வேலை செய்பவர் நம்மை நம்பித்தான் கை வைக்கிறார்.