நினைவில் நிற்கும் அசைவுகள்

பெங்களூரு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்றால் எத்தனையோ பேர் நம்மைக் கடந்து செல்வர். வீடு திரும்பியபின் அவர்களுள் ஒருவருடைய நடையும் நம் நினைவில் இராது. ஆயினும், சில அசைவுகளை ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் நாம் மறப்பதில்லை. இதன் காரணம் யாது?

இந்நகரின் கிரிக்கெட் அன்பர்களைக் கேட்டால், சந்திரசேகரின் கையைச் சொல்வார்கள். 1945-இல் மைசூரில் பிறந்த பி. எஸ். சந்திரசேகருக்குச் சிறுவயதிலேயே இளம்பிள்ளை வாதத்தால் வலக்கை மெலிந்துபோயிற்று. தடுத்த பந்தைத் திருப்பி எறிய இடக்கையையே அவர் நாடினார். பந்து வீசியதோ மெலிந்த அந்த வலக்கையால்! ஓடிவந்து சாட்டைபோல் கையைச் சுழற்றுவார்; சுழற்பந்து எதிர்பாராத விரைவுடன் பாயும். 1971-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் அவர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்த, இங்கிலாந்து 101 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. அந்நாட்டில் இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அதுவே.

அந்த வீச்சு விந்தையானது என்பதால் மட்டுமா நிலைத்தது? கால் இடறி விழுபவனின் அசைவும் விந்தைதான். அதை மாலைக்குள் மறந்துவிடுகிறோம். 1973-இல் ஸ்வீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னர் யோகான்சன் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூட்டுகளில் பொருத்திய ஒளிப்புள்ளிகள் மட்டும் தெரியுமாறு, ஒருவர் நடப்பதைப் படமாக்கிக் காட்டினார். நின்ற புள்ளிகள் பொருளற்றுத் தோன்றின; அவை அசைந்ததுமே நடப்பது மனிதன் என்று கண்டோர் அறிந்தனர். முகமின்றியே மனிதனைக் காட்டவல்லது அசைவு. அந்த அசைவில் ஒரு குறையும், அதை வென்ற உறுதியும் ஒருங்கே தெரியுமாயின், அது நெஞ்சில் தங்கிவிடுகிறது என்பதே நம் கருத்து.

இதற்குச் சான்று நம் வீட்டிலேயே உண்டு. ஊரைவிட்டு நாம் புறப்பட்ட நாளில், அன்னை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். இருந்த சில்லறையை இருமுறை எண்ணினார். பின்பு எண்ணியதை மறந்தவர்போல் அனைத்தையும் நம் கையில் திணித்தார். நாள் முழுதும் சொற்களை மொழிபெயர்ப்பது நம் தொழில். அந்தக் கையசைவுக்கு ஈடான சொல்லை எம்மொழியிலும் நாம் காணவில்லை.

இங்கு வளரும் நம் குழந்தைகள், கைப்பேசியை விரலால் தொட்டுப் பணம் அனுப்புவதையே அறிவார்கள். அடுத்த விடுமுறையில் அவர்களை ஊருக்கு அழைத்துச் செல்வோம். பாட்டியின் பேச்சு முழுதும் விளங்காவிடினும், அவர் கைகளையேனும் அவர்கள் கண்ணாரக் காணட்டும்.