திரையில் யார் இல்லை?

(குற்றம், உளவு, போர்த் தொடர்களை வீட்டில் பார்ப்பது குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இரவுச் சாப்பாடு முடிகிறது. பிள்ளைகள் பாடப் புத்தகங்களை மூடி வைக்கிறார்கள். இனி ஒரு மணி நேரம் குடும்பம் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால். ஒரு காலத்தில் நிலையத்தார் எந்த நாளில் எதை ஒளிபரப்பினார்களோ அதைத்தான் பார்க்க முடிந்தது. அடுத்த பாகத்துக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இன்று நிலைமை வேறு. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய தொடரைக்கூட நினைத்த நேரத்தில் பார்க்கலாம். எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு நிலையத்தாரிடமிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது.

மாமியார், மருமகள் சண்டை சலித்துப்போனவர்கள் பெரும்பாலும் நாடுவது மூன்று வகைத் தொடர்களை: குற்றம், உளவு, போர். மூன்றிலும் விறுவிறுப்பு உண்டு. தொடக்கத்தில் ‘உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது’ என்ற வரியும் பல தொடர்களில் உண்டு. அந்த ஒரு வரியை நம்பியே பலர் வரலாற்றைத் தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே, இத்தகைய தொடர்களைப் பார்க்கும் குடும்பம் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. கதையைச் சொல்பவர் யார்? அவர் எதை மாற்றியிருக்கிறார்? யாரை விட்டுவிட்டார்?

சொல்பவர் யார்?

முதலில் குற்றத் தொடர். பெரும்பாலான போலீஸ் நாடகங்களில் கொலை நடக்கும், துப்பறிவாளர் வருவார், ஒரு மணி நேரத்தில் குற்றவாளி கைவிலங்குடன் நிற்பான். பார்ப்பவருக்கும் நிம்மதியான தூக்கம் வரும். இந்த வழக்கத்தை உடைத்த தொடர் ‘தி வயர்’. 2002 முதல் 2008 வரை அமெரிக்காவின் எச்பிஓ நிறுவனத்துக்காக 5 பருவங்களில் 60 பாகங்களாக வந்தது. கதை நடக்கும் இடம் பால்டிமோர் நகரம்.

அதை உருவாக்கிய டேவிட் சைமன், ‘பால்டிமோர் சன்’ பத்திரிகையில் போலீஸ் செய்திகளை எழுதிய நிருபர். அவருடன் சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ், அதே நகரக் காவல் துறையில் பணியாற்றியவர். பின்னர் பள்ளி ஆசிரியரானவர். ஆகவேதான் அந்தத் தொடர் ஒரு கைதோடு முடிவதில்லை. முதல் பருவம் போதைப்பொருள் விற்கும் தெருவைக் காட்டுகிறது. அடுத்தடுத்த பருவங்கள் துறைமுகம், நகராட்சி அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை அலுவலகம் என்று நகர்கின்றன. ஒரு பையன் பிடிபட்டால் அவன் நின்ற மூலையில் அடுத்த பையன் நிற்கிறான். ஏன் நிற்கிறான் என்பதுதான் தொடரின் கேள்வி. குண்டர் கும்பல் பிரச்சினையைக் கண்ட எந்தச் சமூகத்துக்கும் இந்தக் கேள்வி புதியதல்ல. ஆனால், அதில் வரும் பேச்சும் வன்முறையும் கடுமையானவை. பிள்ளைகள் தூங்கிய பிறகு பார்க்க வேண்டிய தொடர் அது.

உளவுத் தொடர்களிலும் இதே அளவுகோல்தான். பிபிசி 1979-இல் 7 பாகங்களாக வழங்கிய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ தொடரில் கார் துரத்தல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அலெக் கின்னஸ் ஏற்ற ஜார்ஜ் ஸ்மைலி என்ற பாத்திரம், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பழைய கோப்புகளைப் படிக்கிறது. பழைய நண்பர்களைச் சந்தித்துப் பேச்சுக் கொடுக்கிறது. உளவுத் துறைக்குள்ளேயே உட்கார்ந்து எதிரிக்கு வேலை செய்பவன் யார் என்பதே கதை. மூல நாவலை 1974-இல் எழுதிய ஜான் லெ காரே, பிரிட்டிஷ் உளவுத் துறையில் உண்மையிலேயே வேலை செய்தவர். அவர் அத்துறையில் இருந்த காலத்தில், 1963-இல்தான், கிம் ஃபில்பி என்ற மூத்த பிரிட்டிஷ் உளவாளி சோவியத் ஒன்றியத்தின் ஆள் என்பது உறுதியாகி, அவர் மாஸ்கோவுக்குத் தப்பி ஓடினார். கூடவே இருந்தவன் காட்டிக்கொடுத்தான் என்ற கசப்பைக் கண்ட ஒருவர் எழுதியதால்தான் அந்தக் கதையில் துப்பாக்கிச் சத்தத்தைவிட மௌனம் அதிகம் பயமுறுத்துகிறது.

எதை மாற்றினார்கள்?

அனுபவம் உள்ளவர் சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போர்த் தொடர்களில் பலரும் முதலில் சொல்லும் பெயர் ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், டாம் ஹாங்ஸ் இருவரும் தயாரிப்பில் முன்னின்ற இந்தத் தொடர் 2001-இல் 10 பாகங்களாக வந்தது. ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் என்ற வரலாற்றாசிரியர் 1992-இல் வெளியிட்ட நூலே இதற்கு அடிப்படை. ‘ஈசி கம்பெனி’ என்ற அமெரிக்க வான்குடைப் படைப்பிரிவின் உண்மையான வீரர்களே முதுமையில் திரைக்கு முன் வந்து பேசுகிறார்கள். இதைவிட நம்பகமான தொடர் வேண்டுமா என்று தோன்றும்.

அப்படிப்பட்ட தொடரிலும் ஒரு பெரிய பிழை உண்டு. ஆல்பர்ட் பிளைத் என்ற வீரர் காயத்திலிருந்து மீளாமல் 1948-இல் இறந்துபோனார் என்று அதில் எழுத்தில் காட்டினார்கள். உண்மையில் அவர் குணமாகி, தொடர்ந்து இராணுவத்தில் இருந்து, 1967-இல்தான் காலமானார். பழைய தோழர்களின் நினைவு தவறியது. அந்த நினைவை நூல் நம்பியது. நூலைத் தொடர் நம்பியது. தொடர் ஒளிபரப்பான பின்பே உண்மை வெளியே தெரிந்தது. ஒரு மனிதருடைய வாழ்க்கையில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் திரையில் காணாமல் போயின. உண்மைக் கதை என்ற வரியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இது நல்ல பாடம்.

மலாயாவைப் பற்றிய ஒரு கதைக்கும் இதைப் போன்ற பின்னணி உண்டு. நெவில் ஷூட் 1950-இல் எழுதிய ‘எ டவுன் லைக் ஆலிஸ்’ நாவல், 1981-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடராக வந்தது. ஜப்பானியர்கள் வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் மலாயா முழுக்க நடத்தியே அலைக்கழிப்பதாக அதில் வரும். அப்படியொரு நடைப்பயணம் மலாயாவில் நடக்கவில்லை. சுமத்ராவில் டச்சுப் பெண்களுக்கு நேர்ந்ததாகக் கேட்டதையே மலாயாவுக்கு மாற்றி எழுதியதாக ஆசிரியரே நூலில் குறிப்பிட்டிருக்கிறார். நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் குறிப்பு கிடைத்தது. தொடரை மட்டும் பார்த்தவர்களுக்கு?

யாரை விட்டுவிட்டார்கள்?

மூன்றாவது கேள்விதான் மலேசிய, சிங்கப்பூர் தமிழ்க் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை வைத்து வந்த தொடர்கள் பல. பிபிசி 1981 முதல் 1984 வரை வழங்கிய ‘டெங்கோ’ அவற்றுள் ஒன்று. முகாமில் ஆள் எண்ணிக்கை எடுப்பதற்கான ஜப்பானியச் சொல்லே தலைப்பு. சிறைப்பட்ட ஐரோப்பியப் பெண்களின் பசி, நோய், தங்களுக்குள் வரும் சண்டை, தோழமை எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்ன தொடர்.

அண்மையில், 2025-இல், ‘தி நேரோ ரோட் டு தி டீப் நார்த்’ என்ற 5 பாக ஆஸ்திரேலியத் தொடர் வந்தது. 2014-இல் புக்கர் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஃபிளானகனின் நாவலே அதன் மூலம். அவருடைய தந்தை சயாம், பர்மா ரயில் பாதையில் கைதியாக உழைத்து உயிரோடு திரும்பியவர். மகன் எழுதினார், நாடு படித்தது, இப்போது உலகம் பார்க்கிறது. அதில் எந்தக் குறையும் இல்லை. கதையின் மையம் ஆஸ்திரேலியக் கைதிகள். அவர்கள் பட்ட துன்பம் உண்மை.

ஆனால், அந்தப் பாதையில் உழைத்தவர்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்தது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் வேலை செய்தார்கள்; 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ ஏறக்குறைய 2 இலட்சம் பேர். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் தரும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

முதலில் நல்ல சம்பளம், சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு அழைத்து, கதவை அடைத்து, உள்ளே இருந்தவர்களை அப்படியே ரயிலேற்றியதாகவும் பதிவுகள் உண்டு. படம் பார்க்கப் போனவர்கள் காட்டுக்குப் போனார்கள். 1943-இல் காலரா பரவியபோது முகாம் முகாமாக மாண்டார்கள்.

ஏன் அவர்கள் திரையில் இல்லை? பகையோ சதியோ காரணம் என்று சொல்வது எளிது. உண்மைக் காரணம் இன்னும் சாதாரணமானது. போர்க் கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், இறந்தவர்களின் பட்டியலைக் காப்பாற்றினார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. தோட்டத் தொழிலாளிக்குப் பட்டியல் எழுத ஆளில்லை. பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. எழுத்து இருந்தால் நூல் வரும். நூல் இருந்தால் தொடர் வரும். எழுத்து இல்லாதவர்களின் கதை லயத்து வாசலோடு நின்றுவிட்டது.

முற்றிலும் நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசிய நாவல்கள் அந்தக் கதையைத் தமிழிலேயே சொல்லியிருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு மேற்சொன்ன தொடரைப் பார்ப்பவருக்கு, திரையின் ஓரத்தில் காடு மட்டும் தெரியாது. காட்டுக்குள் இருந்தவர்களும் நினைவுக்கு வருவார்கள்.

இன்னொரு தொடரும் குறிப்பிடத்தக்கது. கபீர் கான் இயக்கி 2020-இல் 5 பாகங்களாக வந்த ‘தி ஃபர்காட்டன் ஆர்மி’ என்ற ஹிந்தித் தொடர், சிங்கப்பூரின் வீழ்ச்சியையும் இந்திய தேசிய இராணுவத்தையும் பற்றியது. 1943-இல் கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையும் அதில் வருகிறது. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். காதல் காட்சிகளும் பாட்டும் தூக்கலாக இருக்கும். அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், வீட்டில் பேசுவதற்கு நிறைய விஷயம் இருக்கிறது.

வீட்டில் பார்க்கும் முறை

ஆகவே, நேயர்களே, குற்றம், உளவு, போர் என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் சில சின்னப் பழக்கங்கள் உதவும். வயது வரம்பை முதலில் பாருங்கள். ஒரே இரவில் முழுத் தொடரையும் விழுங்க வேண்டாம். ஒன்றிரண்டு பாகம் போதும். பதின்ம வயதுப் பிள்ளைகளுடன் பார்க்கும்போது இடையில் நிறுத்தி, “இது நடந்ததா, எழுதியதா?” என்று கேளுங்கள். அவர்களையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளைத்தின் கதை போல எத்தனையோ கிடைக்கும். பரீட்சைக்குப் படிக்கும் வரலாற்றைவிட அப்படித் தேடிக் கண்டுபிடித்த வரலாறு மனத்தில் நிற்கும்.

கடைசியாக ஒன்று. போர்த் தொடர் ஓடும்போது வீட்டில் பாட்டி இருந்தால், அவர் அறையில் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார வையுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் 10 வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். அப்படிப்பட்டவர் வீட்டில் இல்லையென்றால், அவர் சொல்லக் கேட்ட அத்தையோ மாமாவோ இருப்பார். “நம்ம குடும்பத்துல சயாமுக்குப் போனவங்க யாராவது இருந்தாங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர் வரலாம். ஒரு தோட்டத்தின் பெயர் வரலாம். திரும்பி வராத ஒருவருக்காகக் கடைசிவரை காத்திருந்த ஒரு மனைவியின் கதை வரலாம். அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள்.

ஃபிளானகனின் தந்தைக்கு ஒரு மகன் எழுதினார். சயாமுக்குப் போன தோட்டத் தொழிலாளிக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டு எழுதி வைத்தால்தான், என்றாவது ஒரு நாள் அவருடைய முகமும் திரைக்கு வரும்.